நாலு நாள் கருகிய சோறு

“காந்தத்துக்கு மறதி வருமா?” என்று எட்டாம் வகுப்பில் விஞ்ஞான டீச்சர் ஒருமுறை பலீலாவைப் பார்த்துக் கேட்டார். மேசைக்கடியில் மறைத்து வைத்து உப்பு மாங்காய் தின்றுகொண்டிருந்த பலீலா எழுந்து நின்று, “பரீட்சை வச்சா வரும் டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. பாடம் முடியும்வரை அவள் கதவோரம் நிற்க வேண்டியதாயிற்று. சரியான பதில் என்னவென்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், தெமோதரையில் ஒரு குசினித் தரையில் சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை பதுளையில்தான் தொடங்கியது. பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு புடவைக் கடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடப்பது சிவசக்தியின் பழுது பார்க்கும் கடை. மின்விசிறி, பிளெண்டர், ரைஸ் குக்கர், ரேடியோ என்று பிளக் மாட்டி ஓடுகிற எது ஓடாமல் போனாலும் அங்கே வரும். சில வருடங்களாகப் பிளக் இல்லாத பழுதுகளும் வர ஆரம்பித்திருந்தன. ஒரு வியாபாரி வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்த பேய், பழைய பிரிட்ஜின் கழன்ற ஆணி என்று சிவசக்தி கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, பொருள் தொலைத்தவர்களும் பேர் கெட்டவர்களும் அவளைத் தேடி வந்தார்கள்.

சிவசக்திக்கு முப்பத்தெட்டு வயது. கொண்டையில் பூ இருக்காது, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பேச்சில் அவ்வளவு சிக்கனம். அவள் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பலீலா செலவழித்தாள்.

அன்றைக்குக் கடை திறந்ததும் முதலில் வந்தவள் துஷ்யந்தி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. ஸ்பிரிங்வெளி ரோட்டில் இருக்கிற பூமரத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். புருசன் சதீஸ்குமார் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இவள் மாமியார் வடிவம்மாவோடு லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நேற்று அங்கிருந்து கிளம்பித் தெமோதரையில் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விசயம் இதுதான். பூமரத் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு தங்கத் தாலிப் பொட்டு உண்டு. வருசத்துக்கு ஒரு நாள், திருவிழாவன்று மட்டும் அம்மன் கழுத்தில் ஏறும். மற்ற நாளெல்லாம் அது ஒரு வீட்டில் இருக்க வேண்டும், அதுவும் பெட்டியில் அல்ல, அந்த வீட்டில் தினம் புழங்குகிற அரிசிக்குள். அம்மன் இருக்கிற அரிசி குறையாது என்பது அங்கே நம்பிக்கை. ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் கோயில் தலைவர் கந்தப்பன் பொட்டைப் பதுளைக்குக் கொண்டுபோய் மெருகு போட்டு வந்து, அடுத்த முறைக்காரர் வீட்டு அண்டாவில் எல்லோர் முன்னாலும் தன் கையால் இடுவார். இந்த வருசம் வடிவம்மா வீட்டு முறை. முப்பது வருசம் காத்திருந்து வந்த முறை.

திங்கட்கிழமை சாயந்தரம் கந்தப்பன் திருவிழா வேலையாக வந்து அண்டாவைத் துழாவச் சொன்னார். பொட்டு இல்லை. போன வியாழன் விளக்கு வைக்கும்போது கையில் தட்டியதாக வடிவம்மா சொன்னாள். நடுவில் வெளியாள் யாரும் வரவில்லை. வீட்டில் இருந்தது மாமியும் மருமகளும்தான். கூடியிருந்த எல்லோருடைய கண்ணும் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை, அதாவது நாளைக்கு, துஷ்யந்தி அம்மன் முன்னால் கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ண வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். புருசனுக்குப் போன் போட்டால், பண்ணித் தொலைச்சிட்டு வேலையைப் பாரு என்கிறான்.

“நீ எடுக்கலைதானே? அப்ப பண்ணிரு. கை சுடும், பர்னோல் பூசிக்கலாம்” என்றாள் பலீலா.

“கை சுடுறதுக்குப் பயமில்லக்கா” என்றாள் துஷ்யந்தி. “நான் சத்தியம் பண்ணினப்புறம் எம்புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வரட்டும், விழுந்து முட்டி பெயரட்டும். பாத்தியா, பொய்ச் சத்தியம்னு சொல்லிருவாங்க. அவ பெரிய மனுசியாகுற வரைக்கும் ஒவ்வொரு தும்மலையும் எண்ணுவாங்க.”

குழந்தை அந்த நேரம் பார்த்துத் தும்மியது. பலீலாவுக்கு அதற்கு மேல் வேடிக்கை வரவில்லை.

சிவசக்தி கையில் இருந்த பிளெண்டரைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் போன வாரம் பழக்கத்துக்கு மாறாக என்னென்ன நடந்தது என்று கேட்டாள். துஷ்யந்தி யோசித்து யோசித்துச் சொன்னாள். பெரிதாக ஒன்றுமில்லை. மாமிக்கு முழங்கால் வலி. பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது. ரைஸ் குக்கர் கெட்டு நாலு நாள் சோறு கருகியது. செவ்வாய்க்கிழமை புருசன் புதுக் குக்கர் அனுப்பினார். பழையதை மாமி, எடுத்துட்டுப் போ, உங்கம்மாவுக்கு ஆகும் என்று கொடுத்துவிட்டார்.

“உன்னைத் திருடின்னு சொல்லி அனுப்புறப்ப சீர் வேற குடுத்தாங்களா?” என்றாள் பலீலா. “நல்ல மாமி.”

சிவசக்தி சிரிக்கவில்லை. கொண்டையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்படியென்றால் கடையைப் பூட்டு என்று அர்த்தம்.

தெமோதரை பஸ்ஸில் ஜன்னலோரம் பலீலாவுக்கு, நடுவில் சிவசக்தி, அந்தப் பக்கம் துஷ்யந்தியும் தூங்கிப்போன குழந்தையும். பொட்டைத் தேடாமல் குக்கரைத் தேடிப் போவானேன் என்று பலீலா கேட்டாள். கருகுகிற குக்கருக்குள் என்ன இருக்கப் போகிறது.

காந்தம் இருக்கிறது என்றாள் சிவசக்தி.

அதன் பிறகு ஹாலிஎல தாண்டும்வரை அவள் சொன்னதுதான், ஒரு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு. இரும்பை இழுக்கிற கறுப்புக் கல் மலைகளில் கிடப்பதை ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன்பே மனிதர்கள் பார்த்துவிட்டார்கள். ஆனால் வெகு காலம் அதை வைத்துத் திசை பார்த்ததைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. கப்பல்காரர்கள் கையில் ஊசியாகவே அது ஊர் ஊராகச் சுற்றியது. கம்பியைச் சுற்றி மின்சாரம் விட்டால் அதுவும் காந்தமாகும் என்று தெரிந்து இருநூறு வருடம்தான் ஆகிறது. அதன் பிறகுதான் அது வீட்டுக்குள் நுழைந்தது. மின்விசிறி சுற்றுவது அதனால். ரேடியோ பேசுவது அதனால். முன்பெல்லாம் பிரிட்ஜ் கதவுக்குக் கொக்கி இருந்தது, இப்போது ரப்பர் பட்டைக்குள் காந்தம் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொள்கிறது.

“எங்க வாப்பா மாதிரி” என்றாள் பலீலா. “அவரும் கப்பல்ல ஊரெல்லாம் சுத்தினாரு. கடைசியில எங்க உம்மாட குசினியில தேங்கா துருவிக்கிட்டு இருக்காரு.”

துஷ்யந்தி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்த உடனே, சிரித்தது தப்போ என்பதுபோல் குழந்தையின் தலையைத் தடவினாள்.

துஷ்யந்தியின் தாய் ஜெயலெட்சுமி ஸ்டேசனுக்குப் பின்னால் தோட்டத்து லயத்தில் இருந்தாள். வாசலிலேயே அழ ஆரம்பித்தவளை உட்கார வைத்து, குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று சிவசக்தி கேட்டாள். அழுகையின் நடுவே ஜெயலெட்சுமி அதைப் புகழ்ந்தாள். நேற்றுச் சாயந்தரம் ஆக்கினாள், இன்று காலையும் ஆக்கினாள், சோறு மல்லிகைப் பூ மாதிரி இருந்தது.

“பொய் சொல்லாதீங்கம்மா, நாலு நாள் கருகிச்சு” என்றாள் மகள்.

“நீ அடுப்படியில நிக்கிற லட்சணம் அப்படி” என்றாள் தாய்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்று சிவசக்தி சொன்னாள். திங்கட்கிழமை வரை கருகியது. புதன்கிழமை கருகவில்லை. குக்கருக்கு நோய் வரும், தானாகச் சுகம் வராது. நடுவில் யாரோ வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

அவள் குக்கரைத் தரையில் வைத்துச் சட்டியைத் தூக்கினாள். உள்ளே சூடேறுகிற தட்டு, அதன் நடுவில் பொத்தான் போல் மேலெழுந்து நிற்கிற வட்டம். மூன்று பெண்களும் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார்கள்.

“இந்தப் பொத்தானுக்குள்ள ஒரு சின்னத் துண்டு இருக்கு, இரும்பு சாதி. கீழ ஒரு காந்தம்” என்றாள் சிவசக்தி. “சுவிட்சை அமுக்கினா காந்தம் மேல வந்து அதைப் பிடிச்சுக்கும். சட்டியில தண்ணி இருக்குற வரைக்கும் சூடு ஒரு அளவுக்கு மேல ஏறாது. தண்ணி வத்தினதும் ஏறும். ஏறினா, தான் காந்தத்துக்குச் சொந்தம்ங்கறதே அந்தத் துண்டுக்கு மறந்துபோயிரும். பிடி விட்டு, டக்குனு சுவிட்ச் மேல வந்துரும். ஆறினதும் திரும்ப ஞாபகம் வரும்.”

பலீலா வாயைத் திறந்தபடி இருந்தாள். எட்டாம் வகுப்புக் கதவோரம் அவள் கண் முன்னால் வந்து போனது. “அப்ப இத்தனை வருசமா நாம சோறு தின்னது ஒரு மறதியால” என்றாள்.

மறதி சரியான நேரத்தில் வந்தால் சோறு கருகாது. கருகுகிறதென்றால் சட்டியின் சூடு பொத்தானுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேரவில்லையென்றால் சட்டிக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஏதோ இருந்திருக்கிறது.

சிவசக்தி குக்கரைக் கவிழ்த்து ஒரு பழைய பேப்பரின் மேல் தட்டினாள். கரியாகிப்போன ஏழெட்டு மணிகள் விழுந்தன. ஒன்றை நகத்தால் உடைத்தாள். வெந்த சோறு அல்ல, பச்சை அரிசி மணி, அப்படியே கருகியது. பிறகு குக்கரை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். பொத்தானின் மேல், சரியாக நடுவில், பழுப்புக் கறைக்குள் வட்டமாக ஒரு வெளிறிய தடம். அஞ்சு ரூபாய் நாணயக் குற்றியைவிடச் சின்னது. ஒரு பக்கம் காது போல் சிறு வளையத்தின் தடமும் இருந்தது.

துஷ்யந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பொட்டு” என்றாள். “அம்மன்ட பொட்டுக்கா. திங்கட்கிழமை நானே பாத்தேன், கறுப்பா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அடிப்பிடிச்ச சோறுன்னு விட்டுட்டேன்.”

அம்மன் வெந்நீர் குளிக்கக் குக்கருக்குள் இறங்கினாரா என்று கேட்க வந்த பலீலா, ஜெயலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு வாயை மூடினாள்.

சோறு முதலில் கருகியது என்றைக்கு என்று சிவசக்தி கேட்டாள். வெள்ளிக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள் என்றாள் துஷ்யந்தி. அன்றைக்கு உலை வைத்தது யார்? துஷ்யந்தி தரையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவள் ஒதுங்கி இருந்தாள். அந்த நாட்களில் குசினிக்குள் போகக் கூடாது, அதுவும் அம்மன் இருக்கிற அண்டாப் பக்கம் நிழல்கூட விழக் கூடாது. மூன்று நாளும் மாமிதான் ஆக்கினார். திங்கள் காலையில் தலை முழுகிய பிறகுதான் அவள் அரிசியில் கை வைத்தாள்.

“இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?” என்றாள் பலீலா.

“தலைவர், கமிட்டி, எல்லாம் ஆம்பளைங்க. அவங்க முன்னால அதை எப்படிக்கா சொல்றது?”

“மாமி சொல்லியிருக்கலாமே.”

“மாமியும் சொல்லலை.”

ஆக, பொட்டு குக்கருக்குள் விழுந்தது வெள்ளிக்கிழமை. அதைத் தொட முடியாமல் இருந்த ஒரே ஆள் துஷ்யந்தி. ஊரே தேடிய சாட்சி அவள் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு பெண் பிள்ளை கேட்டிருந்தால் வந்திருக்கும்.

பொட்டை வெளியே எடுத்தது யார் என்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. புதுக் குக்கர் வந்த செவ்வாய்க்கிழமை, பழையதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியது வடிவம்மா. கல்யாணமாகி மூன்று வருசத்தில் மாமி பாத்திரம் கழுவி அவள் பார்த்தது அன்றைக்குத்தான் என்றாள் துஷ்யந்தி.

“அங்கேயே பிடிச்சிருக்கணும்” என்றாள் பலீலா. “மருமக இருக்குறப்ப மாமி சட்டி கழுவினா அது போலீசுக்கே சொல்ல வேண்டிய சங்கதி.”

கேஸ் முடிந்தது என்று நினைத்து அவள் எழுந்து பாவாடையைத் தட்டினாள். சிவசக்தி எழும்பவில்லை. அந்த நடு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெயலெட்சுமியிடம் ஒரு காதுத் தோட்டைக் கழற்றித் தரச் சொன்னாள். தன் பையிலிருந்து, நடுவில் ஓட்டையுள்ள ஒரு இரும்பு வாசரையும் எடுத்தாள். இரண்டையும் தட்டின் ஓரத்தில் வைத்து, பொத்தானை விரலால் அழுத்தி, சுவிட்சைத் தட்டினாள். வாசர் மெல்ல நகர்ந்து போய்ப் பொத்தானின் மேல் நடுவில் உட்கார்ந்தது. தோடு இருந்த இடத்திலேயே இருந்தது. குக்கரைச் சாய்த்தாள். தோடு உருண்டு விழுந்தது. வாசர் விழவில்லை.

அதையே மூன்று தடவை செய்தாள். தோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாலு நாள். எத்தனை தடவை சட்டியைத் தூக்கியிருப்பாங்க, வச்சிருப்பாங்க” என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு பலீலாவைப் பார்த்து, “இப்ப பாத்ததைப் பத்தி அங்க வந்து வாயைத் திறந்திராத” என்றாள்.

என்ன பார்த்தோம் என்று பலீலாவுக்கு உடனே விளங்கவில்லை. பஸ்ஸில் பாதித் தூரம் போனதும் விளங்கியது.

குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டுத் துஷ்யந்தியும் அவர்களோடு வந்தாள். பூமரத் தோட்டத்தில் இறங்கியபோது இரண்டு மணி. வடிவம்மா வாசலில் கால் நீட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். ஆனால் போ என்று சொல்லவில்லை.

குக்கர் பழுது பார்க்கிறவள், புதுசு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றாள் சிவசக்தி. அது பொய்யும் இல்லை. புதுக் குக்கர் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் மேசையில் இருந்தது. உறையைக் கழற்றி, வழக்கம்போல ஒரு சுண்டு அரிசி போடச் சொன்னாள். வடிவம்மா சலித்துக்கொண்டே எழுந்து, அண்டாவில் சுண்டு டின்னை விட்டுக் கோபுரமாக அள்ளினாள். அண்டா பக்கம் மறுபடி குனிய முழங்கால் விடவில்லை. அள்ளிய சுண்டைக் குக்கருக்கு மேலேயே பிடித்து, உள்ளங்கையால் தலை தட்டினாள். மிஞ்சிய அரிசி சட்டியில் பாதியும், சட்டிக்கும் குக்கருக்கும் இடையில் பாதியுமாகச் சிதறி விழுந்தது.

அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. கை அந்தரத்தில் நின்றது. இடுக்குக்குள் போன அரிசியைப் பார்த்தாள். சிவசக்தியைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமையும் இப்படித்தானேம்மா அளந்தீங்க?” என்றாள் சிவசக்தி.

வடிவம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவளை யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை குக்கரைக் கழுவப் போனவள், பொத்தானில் ஒட்டியிருந்த கறுப்பு வில்லையைச் சுரண்டி எடுத்திருக்கிறாள். வளையத்தைப் பார்த்ததும் உயிர் போய்விட்டது. அதற்கு முதல் நாள்தான் ஊர் முன்னால் மருமகளைக் கை காட்டியிருந்தாள். ஓடிப்போய்ச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பொட்டு கரிக்கட்டையாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அசிங்கமாகிக்கொண்டே போனது.

“தங்கம் கறுக்குமா தாயி? எங்க வீட்டுக்கு வந்து கறுத்துப்போச்சுன்னா அம்மன் என்னைத்தானே பாக்குறா” என்றாள். “முப்பது வருசம் காத்திருந்த முறை. எப்படிப் போய்ச் சொல்லுவேன்?”

அதனால் சொல்லவில்லை. மருமகள் சத்தியம் பண்ணட்டும், அவள் குற்றமில்லாதவள், அம்மன் அவளை ஒன்றும் செய்ய மாட்டாள், பிறகு ஒருநாள் பொட்டைக் கோயில் வாசலில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். சொல்லச் சொல்ல அந்தக் கணக்கு எவ்வளவு கேவலமானது என்று அவளுக்கே கேட்டது. துஷ்யந்தி பக்கம் அவள் திரும்பவே இல்லை. சேலை முந்தானை முடிச்சைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். பொட்டு அதற்குள் இருந்தது.

அதை அவிழ்க்க வேண்டாம் என்றாள் சிவசக்தி. தலைவரைக் கூட்டி வரப் பலீலாவை அனுப்பினாள்.

கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பை மேற்பார்க்கிற டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, கமக்கட்டில் குடை. அவர் பின்னாலேயே மதியக் கொழுந்து நிறுவை முடித்து வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடையும் தலையுமாக வாசலை அடைத்து நின்றார்கள். பொட்டு கிடைத்துவிட்டது என்று பலீலா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். சொல்லச் சொன்னது சிவசக்தி.

நடந்ததைச் சிவசக்தி நாலு வரியில் சொன்னாள். சுண்டைத் தலை தட்டும்போது பொட்டு குக்கருக்குள் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. நாலு நாள் சட்டிக்கடியில் நெருப்பில் இருந்தது. வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ துஷ்யந்தியின் தோளைத் தொட்டார்கள்.

கந்தப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அம்மன் புண்ணியத்தில் கிடைத்ததே போதும் என்றார். பிறகு, “நாலு நாள் சூட்டுல இருந்துச்சுன்னா கறுத்துப் போயிருக்குமே. அப்படியே அம்மனுக்குச் சாத்த ஏலாது. எங்கிட்ட குடுங்க, இப்பவே டவுனுக்குக் கொண்டுபோய் மெருகு போட்டுட்டு வந்துர்றேன்” என்று கையை நீட்டினார்.

வடிவம்மாவின் கை இன்னும் மூடித்தான் இருந்தது.

“கறுத்திருக்கும்னு உங்களுக்கு யாரு ஐயா சொன்னா?” என்றாள் சிவசக்தி. “இன்னும் யாரும் அதைக் கண்ணால பாக்கலையே.”

புகை பட்டால் எதுவும் கறுக்கும்தானே என்று அவர் சிரித்தார். புகைக் கறை என்றால் புளி போட்டுத் தேய்த்ததிலேயே போயிருக்கும் என்று சிவசக்தி சொல்ல, வடிவம்மா முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் கறுப்பும் துருச் சிவப்புமாக ஒரு வில்லை. வளையத்தின் ஓரத்தில் மட்டும் மஞ்சள் பூச்சு கொஞ்சம், உரிந்த சருகு மாதிரி ஒட்டியிருந்தது.

சிவசக்தி பையிலிருந்து, ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை எடுத்தாள். பெரிய வடை மாதிரி இருந்தது. அதை வடிவம்மாவின் கைக்கு மேல் பிடித்தாள். ஒரு விரற்கடை தூரத்திலிருந்து பொட்டு துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

கூடைக்காரிகளில் ரெங்கம்மா என்றொருத்தி பாக்டரியில் தேயிலை சலிக்கிற இடத்தில் பத்து வருசம் வேலை செய்தவள். தூளில் கலந்து வருகிற ஆணியையும் கம்பித் துண்டையும் பொறுக்குவதற்கு அங்கே பெல்ட்டுக்கு மேல் காந்தம் வைத்திருப்பார்கள். அதைத் தினம் துடைத்தவள் அவள். “இரும்பு” என்றாள். பிறகு கந்தப்பனைப் பார்த்து, “நீங்கதானேய்யா எங்களுக்குப் படிச்சுக் குடுத்தீங்க, இரும்பு மட்டுந்தான் ஒட்டும்னு” என்றாள். அதில் குத்தல் இல்லை, நிசமாகவே ஞாபகப்படுத்தினாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்திருக்கும் என்று பலீலாவுக்குத் தோன்றியது.

இந்தப் பொண்ணு மாற்றி வைத்திருக்கலாம் என்று கந்தப்பன் ஆரம்பித்தார். குரல் பாதியில் இறங்கிவிட்டது. அண்டாவில் இட்டது உங்கள் கை என்று வடிவம்மா சொன்னாள். அன்றிலிருந்து தானும் அரிசியை ஒதுக்கிக் கையில் தட்டுகிறதா என்று பார்த்ததைத் தவிர, அதை வெளியே எடுத்ததில்லை. தோட்டத்தை விட்டு வெளியே போய் வந்தது உங்களோடு மட்டும். வளையம், வேலைப்பாடு, எல்லாம் அச்சாக அப்படியே செய்ய ஆசாரிக்கு அசல் கையில் இருக்க வேண்டும், அது சில நாளாவது பிடிக்கும் என்று சிவசக்தி சேர்த்துக்கொண்டாள். நெருப்பில் போனால் என்ன ஆகும் என்று, பார்க்காமலே தெரிந்து வைத்திருந்தவர் இங்கே ஒருத்தர்தான்.

“அதுக்கு மேல வேணும்னா குக்கரைக் கேளுங்க” என்றாள் பலீலா. அடக்கி வைத்திருந்தது அதற்கு மேல் தாங்கவில்லை. “பொட்டு பொன்னா இருந்திருந்தா முதல் நாளே உருண்டு விழுந்திருக்கும். காந்தம்ல இழுத்து நடுவுல உக்கார வச்சிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கந்தப்பனைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை துஷ்யந்தியைப் பார்த்த அதே கண்கள்.

துஷ்யந்தி அதுவரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லக் கூசியவள், உள்ளே போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். அதைத் தலைவர் முன்னால் நீட்டினாள்.

“நாளைக்குச் சத்தியம் இருக்குதானேங்க தலைவரே” என்றாள். “நான் வர்றேன். முதல்ல நீங்க பண்ணுங்க. உங்க கையில ஏத்தினதை நான் வாங்கிக்கிறேன்.”

கந்தப்பன் கற்பூரத்தைப் பார்த்தார். காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்த பொட்டைப் பார்த்தார். கமக்கட்டில் இருந்த குடையைக் கைக்கு மாற்றினார். கூடைக்காரிகள் வழி விட்டார்கள். அவர் படியிறங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவில் ரோட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்து போனார்.